ஒட்டுத்தாளின் எண்ணும் ஒளியின் திறனும்

இரவுச் சந்தையில் மலிவு விலைக்கு ஒரு லேசர் பேனா கிடைக்கிறது. பொத்தானை அழுத்தினால் பச்சை நிறத்தில் ஊசிபோல ஒளி பாயும். பேனாவின் உடலில் மஞ்சள் நிற ஒட்டுத்தாள் ஒன்று இருக்கும். அதில் '5 மில்லிவாட்டுக்கும் குறைவு' என்று அச்சிட்டிருப்பார்கள். இந்த எண்ணை யார் அளந்தார்கள்? எதைக் கொண்டு அளந்தார்கள்? இக்கட்டுரை இந்தக் கேள்விகளைப் பற்றியது. லேசர் என்னும் சீரொளியின் திறனைப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் அளப்பது வேறு. பீடோரில் ஒரு வீட்டின் பின்கட்டில், கைக்கு எட்டும் செலவில், பொழுதுபோக்காக அளப்பது வேறு. இரண்டாவதைப் பற்றித்தான் எழுதுகிறேன். நான் படித்தது மின்னியல். ஒளியியல், படிப்பு முடிந்த பிறகு சொந்தமாகத் தேடிக்கொண்ட ஆர்வம்.

ஒரு மில்லிவாட் மிகச் சிறிய அளவு. வீட்டில் எரியும் 10 வாட் விளக்கின் திறனில் அது பத்தாயிரத்தில் ஒரு பங்கு. இதற்குப் போய் அஞ்சுவானேன் என்று கேட்கலாம். காரணம் நம் கண்ணிலேயே இருக்கிறது. விளக்கின் ஒளி எல்லாத் திசைகளிலும் சிதறுகிறது. லேசர் ஒளியோ ஒரே கற்றையாக வருகிறது. அந்தக் கற்றை கண்மணிக்குள் புகுந்தால் விழிவில்லை அதை ஒரு சிறு புள்ளியாக விழித்திரையில் குவித்துவிடும். புள்ளியின் அகலம் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குதான். நண்பகல் சூரியனை நேராகப் பார்த்தால், சுருங்கிய கண்மணி வழியாக ஏறக்குறைய 3 மில்லிவாட் உள்ளே போகிறது. ஆனால் சூரியனின் பிம்பம் அந்தப் புள்ளியைப்போல் எட்டு மடங்கு அகலமானது. கணக்குப் போட்டுப் பார்த்தால், வெறும் 1 மில்லிவாட் லேசர் விழித்திரையில் சூரியனைப்போல் இருபது மடங்கு செறிவாக விழுகிறது! நம்மைக் காப்பாற்றுவது, கூசும் ஒளி பட்டதும் கால் வினாடிக்குள் இமை மூடிக்கொள்வதும் முகம் திரும்பிக்கொள்வதும்தான்.

லேசர்களை வகுப்பு பிரிக்கும் அனைத்துலகத் தரநிலையும் இந்தக் கால் வினாடியைக் கணக்கில் கொண்டுள்ளது. கண்ணுக்குத் தெரியும் ஒளியில் 1 மில்லிவாட் வரை 2ஆம் வகுப்பு. 5 மில்லிவாட் வரை '3ஆர்' வகுப்பு. அதற்கு மேல் 500 மில்லிவாட் வரை '3பி' வகுப்பு. இங்கே இமை மூடும் வேகம் போதாது. 500ஐத் தாண்டினால் 4ஆம் வகுப்பு. அதில் சுவரில் பட்டுச் சிதறி வரும் ஒளிகூடக் கண்ணைக் கெடுக்கலாம், தோலைச் சுடும், காகிதத்தில் தீப்பற்றும். விழித்திரையில் வலியை உணரும் நரம்பு இல்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். சுட்டது தெரியாது. பார்வையின் நடுவில் ஒரு மங்கல் விழுந்த பிறகுதான் தெரியும். அது சிலருக்குத் தேறும். சிலருக்கு அப்படியே நின்றுவிடும்.

ஆக, ஒட்டுத்தாளில் உள்ள '5' வெறும் அலங்காரம் அல்ல. அது பொய்யானால் 3ஆர் என்று நம்பி 3பி லேசரைப் பிள்ளைகள் கையில் கொடுக்கிறோம். பொய்யாக இருக்குமா? அமெரிக்காவின் தேசியத் தரநிலை, தொழில்நுட்பக் கழகம் 122 லேசர் பேனாக்களைச் சோதித்து 2013இல் முடிவுகளை வெளியிட்டது. பச்சைப் பேனாக்களில் ஏறத்தாழ 90 விழுக்காடும், சிவப்பில் ஏறத்தாழ 44 விழுக்காடும் பாதுகாப்பு விதிக்கு உட்படவில்லை. ஜோஷுவா ஹாட்லர் என்னும் ஆய்வாளர் அச்சோதனைக்கு வடிவமைத்த கருவி அமைப்பில் வியப்பான பொருள் எதுவும் இல்லை. கடைகளில் வாங்கக்கூடிய வெப்பவகைத் திறன்மானியும் சில ஒளிவடிகட்டிகளும்தான். மற்றவர்களும் செய்து பார்க்கட்டும் என்பதே அதன் நோக்கம்.

அளவுகருவி யார் கையில் இருக்கிறது என்பது நம் வட்டாரத்துக்குப் புதிய கேள்வியும் அன்று. பீடோரைச் சுற்றிப் பால்மரங்கள் நின்ற நிலத்தில் பெரும்பகுதியில் இன்று செம்பனை நிற்கிறது. பால்மரம் வெட்டிய காலத்தில் வாளியில் வந்த பாலை நிறுத்தால் மட்டும் போதாது. அதில் ரப்பர் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். அதற்கு 'மெட்ரோலாக்' என்று ஒரு மிதவை இருந்தது. ரப்பர் தண்ணீரைவிட இலேசானது. எனவே பாலில் ரப்பர் மிகுந்தால் மிதவை கூடுதலாக அமிழும். தண்டில் உள்ள கோட்டைப் படித்து எண்ணைச் சொல்வார்கள். பாலை எத்தனை பங்கு தண்ணீர் விட்டு நீர்த்தார்கள், அதன் சூடு என்ன, மேலே நுரை இருக்கிறதா என்பதைப் பொறுத்து அந்த எண் மாறும். மிதவையைப் பிடித்தவர் கிராணி. சம்பளம் வாங்கியவர் நம் பாட்டி. எண் ஒன்று சொல்லப்பட்டால் அது எப்படி வந்தது என்று கேட்கும் பழக்கம் எனக்கு ஆய்வுக்கூடத்தில் வந்ததா, இப்படிப்பட்ட கதைகளைக் கேட்டு வந்ததா என்று பிரித்துச் சொல்ல இயலவில்லை.

இரண்டு வகை மானிகள்

1960ஆம் ஆண்டு மே மாதம் தியோடர் மைமன் முதல் லேசரை ஒளிரச் செய்த பிறகு, தொடக்கக் காலத்து ஆய்வாளர்களிடம் வேடிக்கையான ஓர் அளவு புழங்கியது. லேசர் துடிப்பு எத்தனை சவர பிளேடுகளைத் துளைக்கிறதோ அத்தனை 'ஜில்லெட்' என்பார்கள். இன்று நமக்குக் கிடைக்கும் கருவிகள் இரு வகையின.

முதல் வகை சிலிக்கன் ஒளி டையோடு. ஒளித்துகள் பட்டதும் மின்னணு விடுபட்டு மின்னோட்டம் பிறக்கிறது. மிக விரைவானது; மைக்ரோவாட் அளவையும் உணரும். ஜப்பானின் சான்வா நிறுவனத்தின் 'எல்பி 1' இந்த வகைக் கைக்கருவி. 40 மில்லிவாட் வரை அளக்கும். ஆய்வுக்கூட மானிகள் பல ஆயிரம் ரிங்கிட் கேட்கும்போது இவ்வகைக் கருவி சில நூறுகளில் முடிந்துவிடும்.

அதுவும் வேண்டாம் என்றால் சொந்தமாகவே செய்யலாம். மாணவ நண்பர்கள் ஒரு பிற்பகலில் செய்து முடிக்கக்கூடிய வேலை இது. 'பிபிடபிள்யூ 34' என்ற ஒளி டையோடு கோலாலம்பூர் ஜாலான் பசார் போன்ற மின்னணுச் சாமான் கடைகளில் சில வெள்ளிக்குக் கிடைக்கும் வகையைச் சேர்ந்தது. அதை 9 வோல்ட் மின்கலத்துடன் தலைகீழ்த் திசையில் இணைத்து, தொடராக 1000 ஓம் மின்தடையைப் போட்டு, தடையின் இரு முனைகளில் மல்டிமீட்டரை வைக்க வேண்டும். சிவப்பு லேசருக்கு இந்த டையோடு ஒரு வாட்டுக்கு ஏறத்தாழ 0.4 ஆம்பியர் தரும். ஆகவே 1 மில்லிவாட் ஒளிக்கு 0.4 மில்லி ஆம்பியர், தடையில் 0.4 வோல்ட். 2 வோல்ட் காட்டினால் 5 மில்லிவாட். அறை வெளிச்சமும் சேர்ந்துகொள்ளும் என்பதால், லேசரை அணைத்து ஓர் அளவு எடுத்துக் கழித்துவிட வேண்டும். டையோடின் உணர்பரப்பு ஏறக்குறைய 2.7 மில்லிமீட்டர் சதுரம்தான். கற்றை முழுவதும் அதற்குள் விழ வேண்டும். மின்கலம் 9 வோல்ட் என்பதால் 20 மில்லிவாட்டை நெருங்கும்போது எண் ஏறாமல் நின்றுவிடும். நின்ற எண்ணை அளவு என்று எழுதி வைக்கக் கூடாது.

சிலிக்கனின் பெரிய குறை வேறொன்று. அது எல்லா நிறத்தையும் ஒரே கண்ணால் பார்ப்பதில்லை. சிவப்புக்கு 0.4 என்றால் பச்சைக்கு 0.3 அளவில்தான் வரும். நீலத்துக்கு இன்னும் குறையும். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பில் 800, 900 நானோமீட்டர் பக்கம் மிகுதியாகும். இத்தகைய மானிகள் பெரும்பாலும் ஹீலியம் நியான் லேசரின் 633 நானோமீட்டருக்கு அளவு திருத்தப்பட்டவை. மற்ற நிறங்களுக்குக் கையேட்டில் உள்ள பெருக்கெண்ணைப் போட்டுக்கொள்ள வேண்டும். எந்த நிறம் என்று நமக்குச் சரியாகத் தெரிந்தால்தான் பெருக்கெண் சரி.

இரண்டாம் வகை வெப்பமானி. கறுப்புத் தட்டில் லேசர் விழுந்து வெப்பமாகிறது. வெப்பம் தட்டிலிருந்து பின்னால் உள்ள அலுமினியக் கட்டிக்கு ஓடும் வழியில் மின் இரட்டைகள் இருக்கின்றன. வெப்பநிலை வேறுபாடு மின்னழுத்தமாகிறது. சீபெக் 1821இல் கண்ட விளைவு இது. இதற்கு நிறபேதம் கிடையாது. கறுப்பு எதை விழுங்குகிறதோ அதை அளக்கும். பல வாட்டுகளையும் தாங்கும். மெதுவாக வேலை செய்வது இதன் குறை.

குளிர்பெட்டிகளில் வரும் பெல்ட்டியர் தகட்டையே இதற்குப் பயன்படுத்தலாம். 4 சென்டிமீட்டர் சதுரத் தகடு ஒன்றைத் தடிமனான அலுமினிய வெப்பக்கட்டியில் ஒட்டி, மேற்பரப்பில் பளபளப்பில்லாத கறுப்பு வண்ணம் பூசினேன். விளக்குக் கரி வண்ணத்தைவிட நன்றாக விழுங்கும். ஆனால் விரல் பட்டால் போய்விடும். இப்படிச் செய்த மானி எத்தனை மில்லிவோல்ட்டுக்கு எத்தனை வாட் என்று எப்படித் தெரிந்துகொள்வது? இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த செய்தி இருக்கிறது. லேசர் வேண்டியதே இல்லை. 100 ஓம் மின்தடை ஒன்றைக் கறுப்புத் தட்டின் மேல் ஒட்டி 10 வோல்ட் கொடுத்தால் அதில் சரியாக 1 வாட் வெப்பமாகிறது. 5 வோல்ட் கொடுத்தால் கால் வாட். 1 வோல்ட் கொடுத்தால் 10 மில்லிவாட். ஒவ்வொன்றுக்கும் தகடு எவ்வளவு காட்டுகிறது என்று குறித்துக்கொண்டால் அளவுதிருத்தம் முடிந்தது. என் தகட்டில் ஒரு வாட்டுக்கு 90 மில்லிவோல்ட் அளவில் வருகிறது. தெரியாத ஒளிக்குப் பதில் தெரிந்த மின்சாரத்தை வைத்து ஒப்பிடும் இந்த முறை, உலகின் பெரிய தரநிலைக் கூடங்களும் கைக்கொள்ளும் முறைதான். அவர்கள் நூறாயிரத்தில் ஒரு பங்கு வரைகூடக் கவலைப்படுவார்கள். எனக்குப் பத்தில் ஒரு பங்கு போதும். வண்ணம் திருப்பி அனுப்பும் ஒளி ஐந்து விழுக்காடு இருக்கலாம். மின்தடையிலிருந்து காற்றுக்குப் போகும் வெப்பம் கொஞ்சம். இருக்கட்டும். நம் கேள்வி ஐந்தா, முப்பதா என்பதுதானே தவிர, ஐந்தா, ஐந்தே காலா என்பது அல்ல.

நம் ஊர்த் தட்பவெப்பம் இந்த மானிக்குப் பகை. தகரக் கூரையின் கீழ் நண்பகலில் எண் ஒரு நிலையில் நிற்காது. மேலே விசிறி சுழன்றால் ஆடும். கையை அருகில் கொண்டுபோனால் ஏறும். மூச்சு பட்டாலும் ஏறும். ஆகவே விடியற்காலையில், விசிறியை நிறுத்தி, தகட்டைச் சுற்றி அட்டைக் குழாய் வைத்து, பத்து நிமிடம் காத்திருந்து சுழியைப் பார்த்த பிறகுதான் தொடங்குவேன். லேசரைச் செலுத்தி அரை நிமிடம் கழித்தே எண்ணைப் படிக்க வேண்டும். இப்படிச் செய்தாலும் ஓரிரு மில்லிவாட் முன்பின் இருக்கும்.

வாத்தியாரின் பச்சைப் பேனா

ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர் விடுமுறை வகுப்புகளில் திரையைச் சுட்டிக்காட்டப் பச்சைப் பேனா ஒன்றை வைத்திருந்தார். ஒட்டுத்தாள் வழக்கம்போல '5க்கும் குறைவு' என்றது. "பிள்ளைகள் வாங்கிப் பார்க்கிறார்கள், கொஞ்சம் சோதித்துச் சொல்லுங்கள் தம்பி" என்று கொடுத்தார்.

சிலிக்கன் மானியில் பச்சைக்கு உரிய பெருக்கெண்ணைப் போட்டதும் 35 மில்லிவாட் வந்தது. பெல்ட்டியர் தகட்டில் 30. இரண்டுமே ஐந்தின் பல மடங்கு என்பதால் அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் நிறபேதம் இல்லாத மானி குறைவாகவும், நிறபேதம் உள்ள மானி மிகுதியாகவும் காட்டினால் அதற்குப் பொருள் இருக்கிறது. அந்த ஒளியில் சிலிக்கனுக்கு மிகவும் பிடித்த ஏதோ ஒரு நிறம், பச்சை அல்லாத ஒன்று, கலந்திருக்க வேண்டும்.

இவ்வகைப் பச்சைப் பேனாவின் உள்ளே பச்சை நேரடியாகப் பிறப்பதில்லை. முதலில் 808 நானோமீட்டர் அகச்சிவப்பு டையோடு ஒரு நியோடிமியம் படிகத்தைத் தூண்டுகிறது. படிகம் 1064 நானோமீட்டர் அகச்சிவப்பைத் தருகிறது. அது 'கேடிபி' என்னும் இன்னொரு படிகத்தின் வழியே போகும்போது அலைநீளம் பாதியாகி 532 ஆகிறது, அதுதான் பச்சை. மாறாமல் மிஞ்சிய அகச்சிவப்பைத் தடுக்க முனையில் ஒரு வடிகட்டி இருக்க வேண்டும். மலிவுப் பேனாக்களில் காசு மிச்சம் பிடிக்கும் இடம் பெரும்பாலும் இந்த வடிகட்டிதான். முன்னே சொன்ன அதே அமெரிக்கக் கழகம் 2010இல் வெளியிட்ட ஆய்வுக் குறிப்பில், மங்கலாகப் பச்சை தெரிந்த ஒரு பேனா ஏறக்குறைய 20 மில்லிவாட் அகச்சிவப்பைக் கக்கியதாகப் பதிவாகியுள்ளது. அகச்சிவப்புக்கு இமை மூடாது. கால் வினாடிப் பாதுகாப்பு அங்கே இல்லை.

வீட்டில் இதைக் காண ஒரு பழைய சிடி தட்டும் கணினியின் வெப்கேமராவும் போதும். சிடியின் தடங்கள் 1.6 மைக்ரோமீட்டர் இடைவெளியில் உள்ளதால் அது ஒளியைப் பிரித்து அனுப்பும். தட்டில் நேராக விழும் கற்றையில் பச்சை 19 பாகையில் திரும்பும். 808 நானோமீட்டர் 30 பாகையில். 1064 நானோமீட்டர் 42 பாகையில். டிவிடி தட்டு உதவாது. அதன் தடங்கள் மிக நெருக்கமாக இருப்பதால் 808க்குத் திரும்ப இடமே இல்லை. தொலைக்காட்சி ரிமோட்டின் முனை கேமராவில் மினுக்குவது தெரிந்தால் அந்தக் கேமரா அகச்சிவப்பைப் பார்க்கும் என்று பொருள். தட்டு, பேனா இரண்டையும் மேசையில் அசையாதபடி கட்டி, கற்றையைக் கண்மட்டத்துக்குக் கீழே வைத்து, வெள்ளைத் தாளில் விழும் புள்ளிகளைக் கணினித் திரையில் மட்டுமே பார்க்க வேண்டும். அறையில் விளக்கு எரியட்டும். வெளிச்சத்தில் கண்மணி சுருங்கியிருக்கும். பிள்ளைகள் அந்த அறையில் இருக்கலாகாது.

வாத்தியாரின் பேனாவில், வெறும் கண்ணுக்கு எதுவும் தெரியாத 30 பாகையில், திரையில் ஒரு வெள்ளைப் புள்ளி தெளிவாகத் தெரிந்தது. 42இல் மங்கலாக இன்னொன்று. பேனாவிலிருந்து மின்கலங்களைக் கழற்றி அவரிடமே தந்தேன். இப்போது அவர் வைத்திருப்பது ஒரு மில்லிவாட்டைத் தொடாத சிவப்புப் பேனா. திரையைச் சுட்ட அது தாராளமாகப் போதும்.

நாற்பது வாட்டும் இலவசக் கண்ணாடியும்

மில்லிவாட் கதை இப்படி என்றால் வாட் கதை வேறு மாதிரி. திருமணப் பரிசுகளுக்கும் வீட்டுப் பெயர்ப்பலகைகளுக்கும் மரத்தில் எழுத்துப் பொறிக்கும் நீல லேசர் இயந்திரங்கள் இன்று சிறு கடைகளிலும் வீடுகளிலும் வந்துவிட்டன. எனக்குத் தெரிந்த தம்பி ஒருவர் அப்படி ஒன்றை வாங்கினார். பெட்டியில் '40 வாட்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. பெல்ட்டியர் தகட்டில், கற்றையைக் குவிக்காமல் அகல விரித்து அளந்தபோது 5.2 வாட் வந்தது.

"அண்ணே, நாப்பதுன்னு போட்டிருக்கான், உங்க மெஷின் அஞ்சுங்குதே?" என்றார். இரண்டு எண்களும் ஒரு வகையில் மெய்தான். 40 என்பது இயந்திரம் சுவரிலிருந்து உறிஞ்சும் மின்திறன். 5 என்பது வெளியே வரும் ஒளித்திறன். மரத்தை எரிப்பது பின்னது. வாங்குபவர் எந்த எண்ணைக் கேட்க வேண்டும் என்று பெட்டி சொல்வதில்லை. அவருடைய ஏமாற்றத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் கண்ணுக்கு 5 வாட் என்பதே 4ஆம் வகுப்பு எல்லையைப்போல் பத்து மடங்கு.

ஆகவே என் கவனம் இயந்திரத்தோடு இலவசமாக வந்த பச்சை நெகிழிக் கண்ணாடியின் மேல் போனது. பாதுகாப்புக் கண்ணாடியின் வலிமையை 'ஓடி' என்ற எண்ணால் குறிப்பார்கள். ஓடி 1 என்றால் பத்தில் ஒரு பங்கு ஒளிதான் கடக்கும். 2 என்றால் நூறில் ஒரு பங்கு. 4 என்றால் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. இந்தக் கண்ணாடியில் எண் எதுவும் இல்லை. லேசரை அரை வாட்டுக்குத் தணித்து, கற்றையை விரித்து, இடையே கண்ணாடியின் ஒரு வில்லையை வைத்தேன். சிலிக்கன் மானி இங்கே ஆகாது. இவ்வகை இயந்திரங்கள் திறனைக் குறைப்பதற்கு ஒளியை விட்டுவிட்டு மின்னவைக்கின்றன. ஒவ்வொரு மின்னலும் முழு வீச்சில் வந்து டையோடைத் திணறடிக்கும். வெப்பத் தகடோ பொறுமையாகச் சராசரி எடுத்துவிடும். 500 மில்லிவாட்டில் 20 கடந்து வந்தது. நூற்றுக்கு நான்கு, அதாவது ஓடி 1.4. முழுத் திறனில் நேர்க்கற்றை பட்டால் 200 மில்லிவாட் கண்ணை அடையும். மரத்தில் பட்டுச் சிதறும் ஒளி அவ்வளவு இராது. ஆனால் தம்பி பித்தளைத் தகட்டிலும் பொறிக்க முயன்றுகொண்டிருந்தார். பளபளப்பான தகடு கற்றையைக் கண்ணாடிபோல் அப்படியே திருப்பும்.

புதிதாக வாங்கிய கண்ணாடியில் 450 நானோமீட்டர் பக்கம் ஓடி 4க்கு மேல் என்று பொறித்திருந்தது. அதே சோதனையில் தகட்டின் எண் அசையவில்லை. என் மானியால் இரண்டு மில்லிவாட்டுக்குக் கீழே பிரித்தறிய முடியாது. ஆகவே ஓடி குறைந்தது 2.4 என்று மட்டும்தான் என்னால் உறுதி சொல்ல முடிந்தது. அதற்கு மேல் 4 வரைக்கும் அதனுடன் வந்த சான்றிதழைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. மலிவு மானியால் மோசமான கண்ணாடியைக் கண்டுபிடித்துத் தள்ள முடியும். நல்ல கண்ணாடிக்கு நற்சான்று வழங்க முடியாது. தம்பியிடம் இதைச் சொன்னபோது, "அப்ப கண்ணாடிய மட்டும் நம்பக் கூடாதுங்கிறீங்க" என்றார். அடுத்த வாரம் இயந்திரத்தைச் சுற்றி நான்கு பக்கமும் மறைத்துப் பெட்டி கட்டி, மூடியைத் தூக்கினால் லேசர் அணையும்படி ஒரு சுவிட்சும் பொருத்தினோம்.